பார்த்ததும் கேட்டதும்

காவிரிப் படுகையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தேநீர்க் கடைகளில் ஒரே கேள்விதான்: 'பிலிகுண்டுலுவில் எவ்வளவு வருகிறது?' எல்லையில் உள்ள அந்த நிலையத்தில் நீரை அளப்பது தமிழ்நாடும் அல்ல, கர்நாடகமும் அல்ல. மத்திய நீர் ஆணையம். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்சநீதிமன்றம் வகுத்த பங்கு குறித்து இரு மாநிலங்களும் எவ்வளவு வாதிட்டாலும், அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதிடுகின்றன. ஒருவரையொருவர் நம்பாத இருவர் உடன்படிக்கை செய்துகொண்டால், மீறியது யார் என்று சொல்வதற்கு மூன்றாமவர் ஒருவர் தேவை. பொருளாதார வகுப்பில் இதை விளக்க நான் பிலிகுண்டுலுவைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

போர்நிறுத்தத்தில் அந்த மூன்றாமவர்தான் ராணுவப் பார்வையாளர். நீலத் தலைக்கவசம் அணிந்த அமைதிப்படையினரை நாம் அறிவோம். அவர்களுக்கும் மூத்தவர்கள் இவர்கள். ஐ.நா.வின் முதல் பார்வையாளர்கள் 1948-இல் பாலஸ்தீனத்துக்கும், 1949 ஜனவரியில் காஷ்மீருக்கும் சென்றனர். ஆயுதம் தாங்கிய படையை ஐ.நா. அனுப்பியது 1956-இல், சூயஸ் நெருக்கடியின்போதுதான். பார்வையாளரிடம் துப்பாக்கி கிடையாது. ஒரு வாகனம், தொலைநோக்கி, வரைபடம், வானொலிக் கருவி, மொழிபெயர்ப்பாளர் ஆகியவை மட்டுமே துணை.

இந்தியாவுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1953-இல் கொரியப் போர்க் கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்தார். 1954-இல் வியத்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளின் கண்காணிப்பு ஆணையங்களுக்கு இந்தியாவே தலைமை ஏற்றது. 2000-ஆம் ஆண்டு தில்லியில் ஐ.நா. அமைதிகாப்புக்கான பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அங்கு நம் அதிகாரிகளோடு பிற நாட்டு அதிகாரிகளும் பயில்கின்றனர்.

பெரும்பாலும் கேப்டன், மேஜர் நிலையில் உள்ளவர்களே இப்பணிக்குச் செல்கிறார்கள். கரடுமுரடான பாதையில் வாகனம் ஓட்டுவது, கண்ணிவெடி குறித்த எச்சரிக்கை, முதலுதவி, பேச்சுவார்த்தை, மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் முறை எனப் பாடங்கள் பல. அவற்றுள் கடினமானது எது என்று, என்னிடம் பயின்று ராணுவத்தில் சேர்ந்து, பின்னர் காங்கோவில் பார்வையாளராக இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் கேட்டேன். 'அறிக்கை எழுதுவதுதான், ஐயா' என்றார். பயிற்சியின்போது அவர் எழுதிய முதல் அறிக்கையில் பாதியைப் பயிற்றுநர் அடித்துவிட்டாராம். 'பார்த்தது எது, கேட்டது எது, நீங்களாக ஊகித்தது எது என்று தனித்தனியே எழுதுங்கள்' என்பதே திருத்தம். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு அந்தப் பயிற்றுநர் மீது மரியாதை ஏற்பட்டது. எதிரியைக் கண்டால் செயல்படு என்று பழக்கப்படுத்தப்பட்ட அதிகாரி, எதிரியே இல்லாத களத்தில் குறித்துக்கொண்டு நிற்கக் கற்க வேண்டும்.

ஆனால், எவ்வளவு நன்றாகப் பயின்ற கண்ணும் சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! இதை நமக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டபோது, அதைக் கண்காணிக்க ஐ.நா. வரவில்லை. நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டினரைக் கொண்ட கண்காணிப்புக் குழு, ஆயுதமின்றி வந்தது. உடன்படிக்கைக்குப் பொருள் கூறும் இறுதி அதிகாரம் அக்குழுத் தலைவருக்கே என்று எழுத்தில் இருந்தது.

2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்றின் மதகைப் புலிகள் மூடினர். கீழ்ப்பகுதியில் ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. அரசு வான்தாக்குதல் தொடங்கியது. மதகைத் திறக்கப் புலிகள் இசைந்ததாகச் செய்தி வந்தபின், ஆகஸ்ட் 6 அன்று குழுத் தலைவரான சுவீடன் நாட்டு ஓய்வுபெற்ற ஜெனரல் உல்ஃப் ஹென்றிக்சன் நேரில் புறப்பட்டார். அருகில் பீரங்கிக் குண்டுகள் விழவே, மதகை அடையாமல் திரும்பினார். மடை திறக்கும் நேரம் தவறினால் பயிர் என்ன ஆகும் என்பதைத் தஞ்சை மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே தவறியது பயிர் மட்டுமல்ல.

அதே வாரத்தில் மூதூரில் பிரெஞ்சு தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டனர். கண்காணிப்பாளர்கள் அங்கு செல்ல முயன்றபோது தடுக்கப்பட்டனர். அரசுப் படையினரே பொறுப்பு என்று மாத இறுதியில் ஹென்றிக்சன் முடிவு கூறினார், அரசு மறுத்தது. மறுபக்கம், ஐரோப்பிய ஒன்றியம் தங்களைத் தடைசெய்ததால், அதன் உறுப்பு நாட்டினர் வெளியேற வேண்டும் என்று புலிகள் வற்புறுத்தினர். மூன்று நாட்டினர் விலக, குழு பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியதும் எஞ்சியவர்களும் சென்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2009-இல் அங்கே இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் எண் இன்றுவரை இல்லை.

பார்வையாளர் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்து எழுதிய ஏடு ஒன்று இருந்திருக்கும். தில்லியில் பயிலும் இளம் அதிகாரிகளுக்கு மாவிலாறும் மூதூரும் பாடமாக வேண்டும். வழி மறிக்கப்பட்ட அன்று எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாரால் மறிக்கப்பட்டோம் என்பதையும் அறிக்கையில் எழுத அவர்கள் பழக வேண்டும்.