பந்தலுக்கு அடியில் நிற்கும் ஆண்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் அனுமந்தன்பட்டியைத் தொட்டதுமே பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் கண்ணில் படும். திராட்சைக்கு மருந்து அடிப்பது மற்ற பயிருக்கு அடிப்பதைப் போல அல்ல. பந்தல் தலைக்கு மேலே. குழாயை அண்ணாந்து பிடிக்க வேண்டும். இலையில் ஒட்டியது போக மிச்சமெல்லாம் அடிப்பவரின் தலையிலும் தோளிலும்தான் இறங்கும். வாயில் ஒரு துண்டு கட்டியிருப்பார். பலருக்கு அதுவும் இராது.

அதே வீட்டில் கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது மருமகள்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில் வேண்டுதல் எல்லாம் முடிந்த பிறகுதான் மகனிடம் பேச்சே வரும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த எம்.ஏ. அக்பர்ஷா நுண்ணோக்கியில் வருடக்கணக்காகப் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தான். 1990இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை நிலவேம்பைப் பற்றியது. ஆண் எலிகளுக்கு இலைப்பொடியை 60 நாள் கொடுத்ததில் விந்தணு உற்பத்தி நின்றுபோனது. நாள் கணக்குக்குக் காரணம் உண்டு: எலியின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 52 நாள் ஆகும். 1997இல் வேறொரு குழு நிலவேம்புச் சாற்றை எலிகளுக்கு அதே 60 நாள் கொடுத்துப் பார்த்து, விரைக்குக் கெடுதல் இல்லை என்றது. 2017 டெங்கு சீசனில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா கூடாதா என்று கமல்ஹாசன் வரை பேசிய சர்ச்சையில் இந்தப் பழைய ஆய்வுகள் மறுபடி கிளம்பின. எலிக்கு இரண்டு மாதம் தினமும் கொடுத்த பொடியையும், காய்ச்சல் காலத்தில் சில நாள் குடிக்கும் கஷாயத்தையும் ஒன்றாகப் பேசியதுதான் அந்தச் சண்டையின் கோளாறு.

திராட்சைக்காரருக்கு நெருக்கமானது இன்னொரு ஆய்வு. கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி எலியின் விந்தணுவைக் கெடுப்பதை அக்பர்ஷா குழு 2001இல் பதிவு செய்தது. செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் கட்டப்படும் புரதத்தை இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். பூஞ்சை சாவது அப்படித்தான். விரையில் வளரும் அணுக்களைத் தாங்கி நிற்கும் செர்டோலி செல்லுக்கும் அதே நுண்குழாய்தான் எலும்பு. அது தளர்ந்தால் பாதி விளைந்த அணுக்கள் பிஞ்சிலேயே உதிரும். உதிர்ந்தவை வெளியேறும் நாளங்களை அடைத்துக்கொள்ள, பின்னால் விரையே சுருங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மருந்துக்கு இப்போது அனுமதியில்லை. இந்தியாவில் 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவில் இதன் பெயரும் இருந்தது.

அக்பர்ஷாவுக்குப் பிடித்த இடம் விரையை ஒட்டிய எபிடிடிமிஸ் என்று நினைக்கத் தோன்றுகிறது. மனிதனில் சுருளை நீட்டினால் 6 மீட்டர் வரும் ஒற்றைக் குழாய். விரையை விட்டு வரும் அணுவுக்கு நீந்தத் தெரியாது. இதற்குள் நகர்ந்துதான் பழகும். தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் குரோமியத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எம். அருள்தாஸ் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, அதைக் குடிநீரில் கலந்து குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். குழாய் அடைத்தது. அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகச் சுவரிலேயே நுண்ணிய வாய்க்கால்கள் பிறந்திருந்தன! உடம்பின் கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காலில்லாத நீர்நில வாழ்வியான சிசிலியனிலும், கேரள ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆணில் மட்டும் வேலை செய்யும் ஒரு சுரப்பியை அவர் ஆராய்ந்தார். பெரும்பாலான முதுகெலும்பிகளில் ஆண் கருவிலேயே சுருங்கிவிடும் முல்லேரியன் நாளம் இதில் சுரப்பியாக நிலைத்து நிற்கிறது.

இத்தனை எலிகளையும் குரங்குகளையும் கையாண்டவர்தான், விலங்குகளுக்கு மாற்றான ஆய்வுமுறைகளுக்கென 2009இல் பாரதிதாசனில் தொடங்கிய மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையத்தின் முதல் இயக்குநர். கல்லூரிகளில் தவளை அறுப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டுதல் தந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். முரண் என்று சிலர் சொல்லலாம். அறுத்துப் பார்த்தவருக்குத்தான் எது வீண் அறுவை என்று தெரியும் என்பேன்.

பந்தலுக்கு அடியில் நிற்பவருக்கு ஒரு கணக்கு மட்டும். மனிதனில் ஒரு விந்தணு விளைய இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகும். இன்றைய விந்துப் பரிசோதனை காட்டுவது இரண்டு, மூன்று மாதத்துக்கு முன் உடம்பில் ஏறியதன் பலனை. ஆகவே டாக்டரிடம் போகும்போது நேற்று அடித்த மருந்தை மட்டும் சொன்னால் போதாது. போன கவாத்திலிருந்து அடித்தவற்றின் பாட்டில், பாக்கெட் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.