'நீங்கள் யாருக்கு?': வெளிநாட்டில் எவரும் கேட்காத கேள்வி

2022 செப்டெம்பர் 11 ஆம் திகதி இரவு டுபாயில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் பாகிஸ்தானும் மோதின. உண்மையில் அந்தத் தொடர் இலங்கையில் நடந்திருக்க வேண்டியது. எரிபொருள் வரிசை, மின்வெட்டு, வங்குரோத்து என்று நாடு கிடந்த கிடையில் இங்கே நடத்த முடியாமல் அமீரகத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் அப்போது டுபாயில் தொழில் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ரூமில் ஆறு பேர். குருநாகலைச் சேர்ந்த சிங்கள நண்பர்கள் இருவர், மட்டக்களப்புத் தமிழ் சகோதரர் ஒருவர், முஸ்லிம்கள் நாங்கள் மூன்று பேர். டிக்கெட் வாங்க வசதியில்லை. கட்டிலில் ஒரு மடிக்கணினியை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம்.

58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் விழுந்தபோது ஆறு பேரும் தலையில் கைவைத்தோம். பிறகு பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள் எடுத்தார். 170 வந்தது. பாகிஸ்தான் 147 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அன்றிரவு கராமா பக்கம் வீதியில் கொடி பிடித்துக்கொண்டு போனவர்களில் யார் சிங்களவர், யார் முஸ்லிம் என்று யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் வேலைத்தளத்தில் பெஷாவரைச் சேர்ந்த ஒருவர் என் கையைக் குலுக்கி, "உங்கள் நாடு நன்றாக விளையாடியது" என்றார். "நீயும் முஸ்லிம்தானே, எங்கள் பக்கம் நின்றிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்கவில்லை. ரூமில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

ஊரில் வளர்ந்த முஸ்லிம் இளைஞன் எவனுக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. பாடசாலையில், பஸ்ஸில், அலுவலகத்தில், பாகிஸ்தானுடன் போட்டி நடக்கும் நாளெல்லாம் அது வரும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனாலும் பதில் சொல்ல வேண்டும்.

நாட்டில் இருக்கும்போது தேசப்பற்று ஒரு மாதிரியும், வெளிநாட்டில் வேறு மாதிரியும் இருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் நம்மிடம் கேட்பது, "எந்த நாடு?" என்று. பதில் ஒன்றுதான். ஊரில் அந்தக் கேள்வியே எழாது. எல்லோரும் இலங்கையர் என்பதால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்: எந்த ஊர், எந்த இனம், என்ன மொழி? நமது ஆவணங்களிலும் இது தெரியும். பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்றோ 'மலாயர்' என்றோ எழுதியிருக்கிறது. கடவுச்சீட்டில் இலங்கையர் என்பது மட்டும்தான். நாட்டுக்குள்ளே வைத்திருக்கும் காகிதம் நம்மைப் பிரிக்கிறது. நாட்டைவிட்டு வெளியேறக் கொண்டுபோகும் காகிதம் சேர்த்துவிடுகிறது.

தேசியக் கொடிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1948 இல் சுதந்திரத்தின்போது ஏற்றியது சிங்கக் கொடி. சிறுபான்மையினர் அதில் தமக்கு இடமில்லை என்றதும் பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ரி.பி. ஜாயா அதில் இருந்தார். அதன்படிதான் பச்சை, செம்மஞ்சள் பட்டிகள் சேர்ந்தன. பச்சை நமக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. செனட்டர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1951 இல் நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பச்சைப் பட்டி கம்பத்தை ஒட்டியே இருக்கிறது. கொடியைக் கம்பத்தில் கட்டும்போது முதலில் கை படுவது அதில்தான். அந்தப் பட்டிகளை நீக்கிய சிங்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். டுபாய் வீதியில் அப்படி ஒரு கொடியை நான் கண்டதில்லை.

இதை வைத்து, வெளிநாட்டில்தான் உண்மையான தேசப்பற்று இருக்கிறது என்று முடிவுகட்டினால் அது பிழை. அங்கே பெருமைப்படுவது இலகு, ஏனென்றால் அதற்குச் செலவில்லை. வாக்குப் போட வேண்டியதில்லை, காணிப் பிரச்சினை இல்லை, பள்ளிவாசல் கட்ட அனுமதிக்கு அலைய வேண்டியதுமில்லை. தேங்காய்ச் சம்பலும் பருப்பும் கிடைத்தாலே நாடு வந்துவிடும். ஆறு பேரும் அந்நியர்கள், ஆறு பேருக்கும் ஒரே மேலதிகாரி. அப்படியான இடத்தில் ஒற்றுமை தானாக வரும்.

அங்கே கிடைப்பது பெருமை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லெபனானில், பணிப்பெண் எந்த நாட்டவராக இருந்தாலும் அவரை 'ஸிரிலங்கிய்யா' என்று சொல்லும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அரபிகள் ஒரு காலத்தில் ஸரன்தீப் என்று ஆசையோடு எழுதிய தீவு இது. 1344 இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலை ஏறிப் பார்த்த தீவு. அதன் பெயர் ஒரு வேலையின் பெயராகச் சுருங்கியதற்கு நமது உம்மாக்களும் சகோதரிகளும் அனுப்பிய பணத்தில் வாழ்ந்த நாம் எல்லோரும் பொறுப்பு. விமான நிலைய வரிசையில் நமது கடவுச்சீட்டைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறுவதை அனுபவித்தவர்களுக்கும் இது புரியும்.

ரூம் ஒற்றுமைக்கும் ஒரு எல்லை இருந்தது. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோதும் நான் டுபாயில்தான் இருந்தேன். அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியிருந்தது. எங்களோடு இருந்த கண்டி நண்பரின் குடும்பம் திகனைக்குக் கிட்ட. சாதாரண அழைப்பு எடுக்க அட்டை வாங்கி வாங்கி அவருடைய சம்பளத்தில் பாதி போயிற்று. அந்த ஒரு வாரம் ரூமில் யாரும் நாட்டைப் பற்றிப் பேசவில்லை. சிங்கள நண்பர் ஒருவர் தான் சமைக்கும் முறை இல்லாத நாளிலும் எங்களுக்குச் சோறாக்கி வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சோற்றை நான் மறக்கவில்லை.

பிறகு கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் 2021 பெப்ரவரி இறுதி வரை அனுமதி கிடைக்கவில்லை. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த நாட்களில் அந்நிய நாட்டில் மௌத்தானால் மண்ணாவது கிடைக்கும் என்று சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். அதே ஆட்கள்தான் அடுத்த வருடம் பானுகவின் ஆறு ஓட்டங்களுக்குக் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். நாட்டின் மீதுள்ள கோபத்தையும் நாட்டின் மீதுள்ள பாசத்தையும் ஒரே மனதில் வைத்திருக்க முடியும். நம்மை நோக்கிக் கேள்வி கேட்பவர்களுக்குத்தான் இது புரிவதில்லை.

அந்தக் கேள்வி இலங்கையின் கண்டுபிடிப்பும் அல்ல. 1990 இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், அங்கு குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த அணியை ஆதரிக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய விசுவாசம் தெரிந்துவிடும் என்ற பொருளில் பேசி வாங்கிக்கட்டிக்கொண்டார். இப்போது மெல்போர்ன் மைதானத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கை அணி போகும்போதெல்லாம் பப்பரே இசையோடு ஆடிப்பாடும் நம்மவர்களில் பலர் அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர்கள். அந்த நாட்டுக்கு உறுதிமொழி எடுத்தவர்கள். அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று இலங்கையில் எவராவது சொன்னதுண்டா? தொலைக்காட்சியில் காட்டும்போது நாமும் மகிழ்கிறோம். ஆனால் இம்ரான் கான் காலத்தில், வஸீம் அக்ரம் காலத்தில், நமது ஊர்களில் சிலர் பாகிஸ்தானுக்குக் கைதட்டியதை மட்டும் நாட்டுக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். கைதட்டியவர்கள் இருந்தார்கள்தான், மறைக்க வேண்டியதில்லை. அது பந்துவீச்சுக்குக் கிடைத்த கைதட்டல்.

இதில் நம்முடைய பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. 2019 க்குப் பிறகு பெப்ரவரி 4 ஆம் திகதி பள்ளிவாசல்களில் கொடியேற்றுவதைப் புகைப்படம் எடுத்துப் பகிர்வதில் நாம் காட்டும் அவசரம் எனக்கு உறுத்துகிறது. கொடியேற்றுவது நல்லதே. ஆனால் அந்தப் படத்தை யாருக்குக் காட்டுகிறோம்? டுபாயில் கொடி பிடித்த இரவில் எங்களில் ஒருவரும் படம் எடுத்து யாருக்கும் அத்தாட்சி அனுப்பவில்லை. எடுத்த படங்கள் வீட்டுக்குப் போயின. உம்மா பார்க்க, பிள்ளைகள் பார்க்க.

2023 இல் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் மறுபடியும் அதே ஆசியக் கிண்ணம், அதே இரண்டு அணிகள். மழையால் ஆட்டம் நள்ளிரவு தாண்டி இழுத்தது. எங்கள் சந்தியில் திறந்திருந்த கொத்துக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு பந்துகளில் ஆறு ஓட்டங்கள் வேண்டும். அசலங்கவின் மட்டையில் பட்ட பந்து எல்லைக்குப் போனது. கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் ஓடி வென்றார்கள். கடையே கத்தியது. முச்சக்கரவண்டியை நிறுத்திவிட்டு வந்து எங்களோடு நின்று கத்திய சிங்கள சகோதரர் ஒருவர் என் தோளில் கைபோட்டார். தெரிந்த மனிதர், நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"நானா, நீங்கள் யாருக்கு?"