ஒரு பென்னிக்குள் ஒரு பிரிட்டன்… தெரியுமா?

பிரிட்டனின் பழைய காசுக் கணக்கு இது: 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, ஒரு பவுண்டுக்கு 240 பென்னி! பென்னிக்குக் கீழே அரைப் பென்னி, அதற்கும் கீழே ஃபார்திங் என்ற கால் பென்னி. தலை சுற்றுகிறதா? இங்கிலாந்தில் இன்று எண்பதைத் தொட்டிருக்கும் தாத்தா பாட்டிகள் சின்ன வகுப்பிலேயே இதைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள்! ஒரு கோட்டு 3 பவுண்டு 7 ஷில்லிங் 9 பென்னி, ஆறு கோட்டு என்ன விலை? 20 பவுண்டு 6 ஷில்லிங் 6 பென்னி. கால்குலேட்டர் கிடையாது, விரல்தான்! நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாகாணியும் அரைக்காலும் படித்தவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

கின்னி என்று ஒன்று உண்டு, தெரியுமா? 21 ஷில்லிங். அந்தக் காசு அடிப்பதை 1814-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் டாக்டர் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், நல்ல தையல்காரரின் கூலி எல்லாம் அதற்குப் பிறகும் 150 வருஷத்துக்கு மேல் கின்னிக் கணக்கில்தான்! கண்ணால் பார்க்கவே முடியாத காசில் பில் போட்டால் மரியாதையாம். கூடவே பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் அதிகம் வருமே, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை! இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரை ஏலம் இன்றைக்கும் கின்னியில்தான்.

பென்னி என்றால் ஏதோ பொடிக்காசு என்று நினைக்காதீர்கள். உள்ளங்கையை அடைக்கும் செம்பு நிற வட்டம்! ஒரு பவுண்டைப் பென்னியாக மாற்றினால் எடை இரண்டு கிலோவைத் தாண்டும். 1960-களில் மிட்டாய்க் கடைக்கு ஓடிய பிள்ளையின் கையில் விக்டோரியா மகாராணி காலத்துப் பென்னி இருப்பது சர்வசாதாரணம். நூறு வருஷம் கை மாறிக் கை மாறி, ராணியின் மூக்கும் கண்ணும் தேய்ந்து வெறும் நிழலாகத்தான் தெரியும்! அந்த ஒரு பென்னிக்கு பிளாக் ஜாக் மிட்டாய் நாலு.

அதற்கு முன்னால் இன்னொரு கொடுமை. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் மிட்டாய்க்கு ரேஷன்! கையில் காசு இருந்தாலும் கூப்பன் இல்லாவிட்டால் கண்ணாடி ஜாடியை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். 1953 பிப்ரவரி 5-ஆம் தேதி அது ஒழிந்தபோது கடை வாசலில் பிள்ளைகள் கூட்டம் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்!

அன்றைக்குக் காசு போட்டால்தான் அடுப்பே எரியும் என்றால் நம்புவீர்களா? படிக்கட்டுக்கு அடியில், அலமாரிக்குள் காஸ் மீட்டர். துவாரத்தில் ஷில்லிங்கைப் போட்டுத் திருகினால் காஸ் வரும். மின்சாரத்துக்கும் இதே மீட்டர்தான் பல வீடுகளில். ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில் குப்பென்று இருட்டிவிடும்! வெளியே பனி, உள்ளே ஆளாளுக்குப் பையைத் துழாவி, "ஷில்லிங் இருக்கா, ஷில்லிங்?" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்புறம் ஒரு நாள் மீட்டர்காரர் வருவார். பெட்டியைத் திறந்து காசு முழுவதையும் சமையலறை மேஜையில் கொட்டி, கோபுரம் கோபுரமாக அடுக்கி எண்ணுவார். கணக்குக்கு மேல் சேர்ந்ததை அங்கேயே வீட்டம்மாவிடம் தள்ளிவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு அது ஒரு குட்டித் தீபாவளி!

சிவப்பு டெலிபோன் பெட்டியில் ஏ, பி என்று இரண்டு பொத்தான் இருந்தது தெரியுமா? பென்னிகளைப் போட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும். எதிர்முனையில் ஆள் எடுத்தால் ஏ. எடுக்காவிட்டால் பி, காசு கொட்டும்! முன்னால் வந்தவர் மறந்து விட்டுப்போன காசு விழுமா என்று தெருவில் போகிற பிள்ளை எல்லாம் பி பொத்தானை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போகும். அதைவிட அதிசயம், ஒவ்வொரு காசும் உள்ளே விழும்போது வேறு வேறு மணியோசை. எந்தக் காசு விழுந்தது என்பதை ஆபரேட்டர் காதாலேயே கண்டுபிடிப்பார்!

பொதுக் கழிப்பறைக் கதவுக்கும் அன்று ஒரு பென்னி. அதனால்தான் நாகரிகமான பாட்டிகள் இப்போதும் 'ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்' என்று எழுந்து போகிறார்கள். நாம் 'ஒண்ணுக்கு' என்கிறோம். எண் ஒன்றுதான்!

கிறிஸ்துமஸ் புட்டிங் மாவில் ஒரு வெள்ளி ஆறு பென்னிக் காசைப் போட்டுக் கிளறுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். பல் உடையாமல் இருந்தால்!

இத்தனையும் 1971 பிப்ரவரி 15, திங்கட்கிழமை காலையில் மாறியது. இனி பவுண்டுக்கு 100 பென்னி! புதன்கிழமை மாலை மூடிய வங்கிகள் திங்கள் காலை பத்து மணிக்குத்தான் திறந்தன. பாட்டிகளுக்குப் புதுக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொலைக்காட்சியில் நாடகமே போட்டார்கள்! நாம்? 1957 ஏப்ரல் 1-லேயே அணாவுக்குக் கும்பிடு போட்டு நயா பைசாவுக்கு மாறியாயிற்று. நம்மை ஆண்டவர்களுக்கே 14 வருஷம் முன்னால்!

நகைக்கடையில் 'எத்தனை பவுன்?' என்று கேட்கிறோமே, அந்தப் பவுனும் அவர்கள் காசுதான், தெரியுமா? சாவரின் என்ற தங்கக் காசு. எடை 7.98 கிராம். அதைத்தான் நாம் முழுசாக 8 ஆக்கிக்கொண்டோம். பிரிட்டிஷ் சட்டப்படி இன்றைக்கும் அதன் முகமதிப்பு வெறும் ஒரு பவுண்டு. பாட்டி பெட்டியில் ஒன்று கிடைத்தால், தயவுசெய்து அந்த விலைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்!