மார்கழி மேடையும் இளங்கலைஞரும்

நுழையும்முன்
இசையைக் கற்றுத் தேர்ந்த இளைஞர் இசைத்துறைக்குள் எவ்வாறு நுழைகிறார்? சென்னையில் ஆண்டுதோறும் நிகழும் மார்கழி இசைவிழா இவ்வினாவிற்கு விடைதரும் களமாகும். அவ்விழாவின் வரலாற்றையும், வளரும் கலைஞர் அங்குப் பெறத்தக்க பயிற்சியையும், அவர் எதிர்கொள்ளும் தடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விழாவின் தோற்றம்
1927ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்திய தேசிய காங்கிரசு மாநாடு சென்னையில் கூடியது. அதனையொட்டி அனைத்திந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் டிசம்பரில் இசை மாநாடு நடத்தும் வழக்கமும் பின்னர் நிலைபெற்றது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தின் விளைவாக, 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கத்தை நிறுவினார். இன்று மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளில் உள்ள பல சபாக்கள் இவ்விழாவை நடத்துகின்றன. 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் சென்னை இசைக்காக இடம்பெற்றது.

மேடையும் நேரமும்
விழா நாளில் ஒவ்வொரு பொழுதிற்கும் ஒரு தகுதி உண்டு. காலையில் அறிஞரும் கலைஞரும் இசை இலக்கணம் குறித்துச் செயல்முறை விளக்க உரைகள் நிகழ்த்துவர். நண்பகலிலும் பிற்பகலிலும் இளங்கலைஞர் பாடுவர். இவற்றுள் பல கட்டணமின்றிக் கேட்கத்தக்கவை. மாலை நேரம் முன்னணிக் கலைஞருக்கு உரியது. நண்பகல் மேடையிலிருந்து மாலை மேடைக்கு உயரப் பல ஆண்டுகள் ஆகலாம். நண்பகல் அரங்கில் இருக்கைகள் பல வெறுமையாக இருப்பதும் உண்டு. ஆயினும், வந்திருக்கும் சிலருள் சபாச் செயலாளரோ இசை விமரிசகரோ மூத்த வித்துவானோ இருக்கக்கூடும். எனவே, கூட்டத்தின் அளவு கண்டு சோர்வடையாமல் பாடும் பண்பே இளங்கலைஞர் முதலில் பெறவேண்டியதாகும்.

கேள்வி ஞானம்
மேடை கிடைக்காதவருக்கும் இவ்விழா ஒரு பள்ளியாகும். கேட்டுப் பெறும் அறிவைக் கேள்வி ஞானம் என்பது இசை மரபு. தோடி இராகத்தை ஒரே வாரத்தில் மூவர் பாடக் கேட்கும் மாணவர், ஒருவர் எங்கு நிறுத்துகிறார், மற்றொருவர் எங்கு விரிக்கிறார் என்பதை ஒப்பிட்டு அறிகிறார். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை வரிசைப்படுத்தி, தனியாவர்த்தனத்திற்கு இடந்தந்து, எளிய உருப்படிகளோடு நிறைவுசெய்யும் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அம்முறைக்குள் நேரத்தைப் பகிர்ந்தளிக்கும் திறத்தை அரங்கில் அமர்ந்து கேட்டே அறியவியலும்.

பக்கவாத்தியம் பயில்வோர்க்கு இத்தகைய கேள்வி இன்றியமையாதது. பெரும்பாலான கச்சேரிகளுக்கு முன் ஒத்திகை நிகழ்வதில்லை. பாடகர் ஆலாபனை செய்த இராகத்திற்கு வயலின் கலைஞர் அப்பொழுதே விடைதர வேண்டும். மிருதங்கக் கலைஞர் பாடலின் போக்கறிந்து வாசிக்க வேண்டும். உடன் வாசிப்பவரை அரவணைத்துச் செல்லும் பாடகரும், பாடகரை மீறாத பக்கவாத்தியக் கலைஞரும் மீண்டும் மீண்டும் அழைக்கப்பெறுவர்.

மேடைக்குப் பின்னால்
இசைத்துறை பாடுவோரால் மட்டும் இயங்குவதன்று. ஒலியமைப்பாளர், ஒலிப்பதிவாளர், வாத்தியம் செய்வோர், செப்பனிடுவோர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், விமரிசனம் எழுதுவோர் எனப் பலரின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது. மிருதங்கத்தின் தோல் தளர்ந்தாலும் ஒலிவாங்கி பழுதுற்றாலும் கச்சேரி தடைப்படும். இசையறிவுடைய இளைஞர் இப்பணிகளுள் ஒன்றைக் கற்றுக்கொண்டால், மேடை வாய்ப்பிற்குக் காத்திருக்கும் காலத்திலும் இசையோடு இணைந்து வாழலாம்.

வாய்ப்பும் தடையும்
வாய்ப்பு அனைவர்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. சென்னையில் வாழும் மாணவர் பேருந்தில் ஏறி அரங்கை அடைகிறார். சிற்றூரிலிருந்து வருபவரோ தங்குமிடத்திற்கும் உணவிற்கும் பொருள் தேட வேண்டும். தொடக்க நிலைக் கலைஞர் பெறும் சன்மானம் பயணச் செலவிற்கே போதாமற்போவதும் உண்டு. சபாக்களோடு தொடர்புடைய ஆசிரியரின் அறிமுகம் சிலர்க்கு எளிதில் கிடைக்கிறது. திறனிருந்தும் அறிமுகமின்றி நிற்போர் பலர். நாகசுரமும் தவிலும் பல அரங்குகளில் தொடக்க மங்கல இசையோடு நின்றுவிடுகின்றன. திறனைக் கண்டறிந்து இடந்தரும் பொறுப்பு சபாக்களுக்கும் சுவைஞர்களுக்கும் உண்டு. வெறுமையான நண்பகல் அரங்கில் ஒருவர் அமர்ந்து கேட்பதும் அப்பொறுப்பின் ஒரு பகுதியாகும்.

தன்னளவில் இளங்கலைஞர் ஆற்றத்தக்கவையும் உள்ளன. அரசு இசைக்கல்லூரிகளில் முறையாகப் பயிலலாம். அகில இந்திய வானொலியின் குரல்தேர்வில் தேறித் தரநிலை பெறலாம். தம் இசையின் நல்ல ஒலிப்பதிவோடு சபாக்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஓராண்டு அழைப்பு வாராதொழியின், மறு ஆண்டிற்கான பயிற்சியை அவ்வரங்கின் இருக்கையில் அமர்ந்தே தொடங்கலாம். இன்று மாலை மேடையில் வீற்றிருக்கும் கலைஞர் பலரும் ஒருகாலத்தில் அவ்விருக்கைகளில் அமர்ந்து கேட்டவர்களே.