பொதிகையின் மூத்த அடியார்கள்

குற்றாலத்து அருவியில் நீராடி, குற்றாலநாதரையும் தென்காசி விசுவநாதரையும் வணங்கித் திரும்பும் அன்பர்கள், மேற்கே நீண்டு நிற்கும் மலைகளைக் கண்டதும் அகத்தியரை எண்ணிக் கைகூப்புவது மரபு. திருமால் திருவுருவை அக்குறுமுனி சிவலிங்கமாக்கினார் என்பது குற்றாலத் தலபுராணம். அம்முனிவரையே தங்களைக் காக்கும் தெய்வமாகப் போற்றி, அதே மலைத்தொடரின் தென்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள் காணி மக்கள்.

பாபநாசத்திற்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் இவர்தம் குடியிருப்புகள் உள்ளன. கேரளப் பகுதியிலும் பலர் வாழ்கின்றனர். குடியின் தலைவர் 'மூட்டுக்காணி' எனப்படுவார். தெய்வத்திற்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவர் 'பிலாத்தி'. ஒருவர் நோயுற்றால் மூலிகை மட்டும் போதாது என்பது அவர்கள் நம்பிக்கை. பிலாத்தி 'கொக்கரை' என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, இரவு முழுதும் சாற்றுப்பாட்டுப் பாடித் தெய்வங்களை அழைப்பார். மருந்தும் மந்திரமும் அங்கே பிரிவதில்லை.

அவர்களுடைய விலக்குகளும் பொருள் பொதிந்தவை. இல்லம் எனப்படும் குலப்பிரிவில் ஒரே இல்லத்தார் உடன்பிறந்தாராகக் கருதப்படுவர். அவர்களுக்குள் மணவுறவு கூடாது. முற்காலத்தில் காட்டைத் திருத்திப் பயிரிடுமுன் தெய்வத்திற்குப் படையலிட்டு, மூட்டுக்காணியே முதல் வெட்டு வெட்டுவார். விளைந்ததில் முதற்பங்கும் தெய்வத்திற்கே. காடு தமக்குரிய பொருளன்று, கேட்டுப் பெறவேண்டிய கொடை என்ற உணர்வே இவ்வழக்கங்களின் உயிர்.

மூலிகை அறிவையும் அவர்கள் எளிதில் வெளியிடுவதில்லை. 1987-ஆம் ஆண்டு கேரள மலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள், ஒரு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடந்தனர். அதன் பெயரைச் சொல்லத் தயங்கிய பின்னரே 'ஆரோக்கியப் பச்சை' உலகறிந்தது.

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்தின் உச்சியில் முனிவரின் திருவுருவம் உள்ளது. அவர் பிரம்மசாரி என்றும், பெண்கள் அங்கே செல்லலாகாது என்றும் காணி மக்கள் கருதினர். 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களும் மலையேறலாம் எனத் தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் பெண்கள் ஏறினர். காணி மக்கள் தம் வருத்தத்தை வெளிப்படுத்தினரே அன்றி, வந்தவர்களை வழிமறிக்கவில்லை. சட்டத்தின் சமநீதி ஒருபுறம். மலையையே கோயிலாகக் கொண்டோரின் மனம் ஒருபுறம். இரண்டையும் மதிக்கும் பக்குவம் வழிபடுவோர்க்கு வேண்டும்.

இவ்விலக்கை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆயினும், மலையிடம் பணிவு காட்டும் பண்பு அனைவர்க்கும் உரியது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைத் தரிசிக்கச் செல்வோர் நடப்பது புலிகள் காப்பகத்தின் நடுவே. பாபநாசத்தில் பரிகாரம் என்று தாமிரபரணியில் விடும் ஆடைகள் புண்ணிய நதியையே மாசுபடுத்துகின்றன. முதல் விளைச்சலைத் தெய்வத்திற்கு வைத்த பின்னரே உண்ணும் மக்கள் வாழும் மலை அது. அங்கே எதையும் எறியாமல், எதையும் பறிக்காமல், வணங்கி மட்டும் திரும்புவது அகத்தியருக்குச் செய்யும் மெய்யான வழிபாடு.