பள்ளி விட்டு வரும் சைக்கிள்கள்

பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் கிடைத்துவிடும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தமிழகத்தில் தொடங்கிய திட்டம் இது. 2005-06இல் மற்றவர்களுக்கும் விரிந்தது. பஸ் வராத ஊர்களின் பெண்பிள்ளைகள் பிளஸ் டூ வரை படிக்க இந்தச் சைக்கிள் செய்திருக்கும் உதவி பெரிது. ஆனால் வண்டி கொடுத்த நாம் அதற்கு வழி கொடுக்கவில்லை. ஊர்ச்சாலை முடிந்ததும் பிள்ளைகள் ஏறுவது, லாரியும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று விரட்டும் நெடுஞ்சாலையில். சிறப்பு வகுப்பு முடிந்து கிளம்பும்போது பொழுதும் சாய்ந்துவிடுகிறது.

கண்ணில் பட வேண்டும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் சைக்கிளைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து வண்டி நிற்பதற்கான தூரத்தையும் சேர்த்தால் 40 மீட்டருக்கு மேல். கருநீலச் சீருடையில், விளக்கில்லாமல் போகிற பிள்ளை அவ்வளவு தொலைவில் மங்கலான முகப்பு வெளிச்சத்துக்குத் தெரியவே தெரியாது.

பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்களில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இரண்டும் உடையாமல் இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால், முன்னால் போவது சைக்கிள் என்று தூரத்திலேயே புரிந்துவிடும். புத்தகப் பையின் முதுகில் ஒட்டும் ஒளிப்பட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முன்பெல்லாம் டைனமோ விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் போனதோடு விளக்கும் போனது பெரிய இழப்பு.

பஸ்ஸின் இடப்பக்கம்

எல்லா எச்சரிக்கையிலும் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்: நிற்கிற பஸ், லாரியின் இடப்பக்கச் சந்தில் புகுந்து முன்னேறவே கூடாது. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடது முன் சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் பார்வைக்கு எட்டாது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருக்க இருக்க இந்த வெட்டும் அதிகம். முன் சக்கரம் தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று நிற்பவர் பின் சக்கரத்தில் சிக்குவது இப்படித்தான். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் என்றால் இன்னும் தள்ளி.

தார் விளிம்பு

ஓரமாகப் போ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். விளிம்பிலேயே போவதும் ஆபத்துதான். தார் முடியும் இடத்தில் மண் சில அங்குலம் பள்ளமாக இருக்கும். இறங்கிய சக்கரத்தை ஓட்டியபடியே ஏற்றப் பார்த்தால், டயர் விளிம்பில் தட்டி, சைக்கிள் நடுச்சாலைப் பக்கமாகவே சாயும். இறங்கிவிட்டால் நிறுத்தி, தூக்கி வைத்து ஏறுவதே சரி. விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே, நேர்கோட்டில், ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும். ஹாரன் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தால் கழுத்தோடு ஹேண்டில்பாரும் திரும்பும்; பார்க்காமலே நேராகப் போவது நல்லது. வலப்பக்கம் கடக்க வேண்டுமானால் இறங்கி நின்று, இருபுறமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடக்கலாம்.

மழையில் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கத்தைவிட முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அமர வேண்டும். பின்னந்தலையில் தொங்கும் ஹெல்மெட் நெற்றியைக் காக்காது. ஒருமுறை பலமாக அடிபட்டதை மாற்றிவிடுங்கள்.

கேரியரில் தங்கை

சின்னப் பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்தால் ஆடும் கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். குதிகால் தோல் உரிவதோடு எலும்பும் முறியலாம். சக்கரத்தை மூடும் வலையும் கால் வைக்கக் கட்டையும் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

அடிபட்ட பிறகு

விழுந்தவருக்குச் சோடா, தண்ணீர் கொடுக்க ஓடுகிறோம். கொடுக்கக் கூடாது; மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கழுத்து வலிக்கிறது என்றாலோ நினைவு தடுமாறினாலோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். அதுவரை ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். வெளிக்காயமே இல்லாவிட்டாலும் தொடர்ந்து வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், காது மூக்கில் ரத்தம் வந்தால் அது தலைக்குள் பட்ட அடியாக இருக்கலாம். இவை தென்படுகின்றனவா என்று முதல் ஒரு நாள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்; தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலரும் தவறவிடுவது வயிற்றுக் காயம். ரப்பர் கிரிப் போன ஹேண்டில்பார் முனை குத்தினால், வெளியே வட்டமாக ஒரு சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே மண்ணீரலோ கணையமோ குடலோ கிழிந்திருக்கலாம். எழுந்து நடந்த பிள்ளைக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் வலியும் வாந்தியும் வரும். ஹேண்டில்பார் குத்தியது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உதவுகிறவர் வழக்குக்குப் பயப்பட வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியும் வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை வரையறுத்த தொகை வரை அரசே ஏற்கிறது. தமிழகச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் இது பொருந்தும்.