உப்புச் சாடி கசியும் ஊரில் ஒரு சர்க்யூட் போர்டு

கார்த்திகை பிறந்தால் தூத்துக்குடி வீடுகளில் உப்புச் சாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். திரேஸ்புரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு என் மேசைக்கு வந்த அண்ணாச்சியிடம் அந்தச் சாடியைத்தான் முதலில் நினைவுபடுத்தினேன்.

டப்பாவுக்குள் இருந்தது, நாட்டுப்படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பைத் தானாக ஓடவைக்கும் சிறு போர்டு. உள்ளூரில் ஒருவர் கையால் செய்து கொடுத்தது. நாலு மாதம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. “தண்ணியே படலயே தம்பி, டப்பாக்குள்ளதான இருந்துச்சு” என்றார்.

மூடியைத் திறந்தோம். ரிலேயின் கால்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பொங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. அதற்கடியில் ஓடவேண்டிய செம்புத் தடம் இல்லை. போர்டில் செம்பின் கனம் வழக்கமாக 35 மைக்ரான், தலைமுடியில் பாதி. அது கரைந்துபோக நாலு மாதம் தாராளம்.

போர்டைத் தின்றது வெறும் ஈரம் இல்லை, உப்பு குடித்து வைத்திருந்த ஈரம். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அரிது. ஆகவே கடற்காற்றில் வந்து படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள், போர்டின்மேல் எந்நேரமும் மெல்லிய நீர்ப்படலமாகவே கிடக்கிறது. அதன்மேல் 12 வோல்ட் ஓடினால் போர்டே முலாம் பூசும் தொட்டியாகிவிடும். பிளஸ் பக்கத்துச் செம்பு கரையும், மைனஸ் பக்கத்தில் மரக்கிளைபோல இழை இழையாக வளரும். இழை எதிர்த் தடத்தைத் தொட்டால் ஷார்ட். குளோரைடு ஒருமுறை அரித்துவிட்டு ஓய்கிற சரக்கும் இல்லை. செம்போடு சேர்ந்து, பிரிந்து, மறுபடி அரிக்கும்.

வீட்டில் செய்யும் போர்டுக்கு இன்னொரு ஆபத்து, குளோரைடு அதோடு கூடவே பிறக்கிறது. செம்பை அரித்துத் தடம் எடுக்க நாம் பயன்படுத்துவது ஃபெர்ரிக் குளோரைடு. சரியாகக் கழுவாத போர்டு, கடலைப் பார்ப்பதற்கு முன்பே அரிப்பைச் சுமந்துகொண்டு போகிறது. தகரம் ஒட்டுகிற துத்தநாகக் குளோரைடு ஃபிளக்ஸை வைத்துச் சால்டர் செய்தால் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலை போர்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சும் இதற்குக் கிடையாது.

பலரும் தவறுவது இங்கேதான்: கழுவாமல் பூசுகிறார்கள். பூச்சுக்கடியில் உப்பு மாட்டிக்கொண்டால் அது வெளியேற வழியில்லை. எந்தப் பூச்சும் நீராவியைக் கொஞ்சமாவது உள்ளே விடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் உப்பு அதை இழுத்துக்கொள்ளும். அந்த அண்ணாச்சியின் போர்டிலும் பூச்சு இருந்தது. பளபளப்பான பூச்சு. களிம்பு அதைக் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது.

அரித்து முடித்த போர்டை ஓடும் தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சமையல் சோடா கரைத்த நீரில் சில நிமிடம் போட்டு, மறுபடி கழுவுங்கள். கடைசி அலசலுக்கு உவர்ப்பான போர்த் தண்ணீரைத் தொடவே கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் தடம் முழுக்க மெல்லியதாக ஈயம் ஏற்றுங்கள். பாகங்களைச் சால்டர் செய்த பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் ஃபிளக்ஸைத் தேய்த்து எடுங்கள். காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்தால் இன்னும் போகவில்லை என்று பொருள்; திரும்பத் தேயுங்கள். நன்றாக உலர்த்திய பிறகே பூச்சு.

பூச்சுக்கு அக்ரிலிக் கன்பார்மல் ஸ்பிரே நல்லது. மெல்லியதாக ஒன்று, காய்ந்ததும் குறுக்காக இன்னொன்று. வெட்டிவிட்ட கால்களின் நுனியும் போர்டின் ஓரமும் விட்டுப்போகாமல் பாருங்கள். கனெக்டர், சுவிட்ச், மூடாத ரிலே இவற்றை டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். நிறமில்லாத நெயில் பாலிஷ் அவசரத்துக்கு உதவும், ஆனால் வெயிலில் வெடிக்கும். சிலிக்கான் பசை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசம் வந்தால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை, செம்பை அதுவே அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

டப்பாவை நம்பி இருந்துவிடவும் முடியாது. பகலில் சூடேறி உள்காற்று விரிகிறது, மாலையில் குளிர்ந்ததும் சிறு இடுக்கு வழியாகக் கடற்காற்றை உள்ளே இழுக்கிறது. வயரை அடிப்பக்கமாக, ஒரு தொங்கல் விட்டு நுழைத்தால் தண்ணீர் வயர் வழியே உள்ளே போகாமல் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். ஐ.பி. 67 என்று அச்சிட்ட டப்பாவின் சோதனை நன்னீரில் நடப்பது. உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்போது நனைந்த போர்டுகளை வெயிலில் காயவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். தண்ணீர் போய்விடும், சேறும் உப்பும் அங்கேயே இறுகிவிடும். நனைந்த போர்டுக்கு முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அடுத்தது, நம்பக் கடினமாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் கழுவுவது. பிறகு டிஸ்டில்ட் வாட்டர், ஆல்கஹால், இரண்டு நாள் உலர்த்தல். உப்பளத்து மோட்டார்போல 230 வோல்ட்டில் ஓடும் எதற்கும் கைவேலை போர்டே வேண்டாம். இருக்கிற இணைப்பில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உப்புநீரில் நின்று வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கியவருக்கு உரிமையும் இருக்கிறது. “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு எடுபடாது” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கியவரும் நுகர்வோர்தான். நாட்டுப்படகுக்காரரும், தானே பாத்தியில் இறங்கும் சிறு உப்பளக்காரரும் இதில் அடங்குவார்கள். இரண்டு ஆண்டுக்குள் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பில் கேளுங்கள். தர மறுப்பதே முறையற்ற வணிகம். “வாட்டர்ப்ரூஃப்”, “படகுக்கு ஏற்றது” என்று வாயால் சொன்னதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். போர்டு கெட்டால் களிம்பைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, சுரண்டிவிட்டால் சாட்சியும் போய்விடும். அந்த அண்ணாச்சியிடம் பில் இல்லை. நான் செய்துகொடுத்த புதுப் போர்டுக்கு அவர் கேட்குமுன்பே எழுதிக் கொடுத்தேன்.

செய்து விற்கிற நம்மையும் இந்தச் சட்டம் விடுவதில்லை. போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் சொல்லாமல் பொருளை விற்று, அதனால் ஒருவருக்குத் தீங்கு வந்தால் செய்தவர் பொறுப்பாவார். பம்பு ஓடாத படகு நடுக்கடலில் என்ன ஆகும் என்று கடற்கரையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. அதை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுகிறேன்.

இன்னொன்று. தீர்ந்துபோன ஃபெர்ரிக் குளோரைடைச் சாக்கடையில் ஊற்றினால் அது பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குத்தான் போகும். அதில் கரைந்திருக்கும் செம்பு முத்துச்சிப்பிக் குஞ்சுகளுக்கு நஞ்சு. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவிலேயே முதன்முதலாக வளர்ப்பு முத்தை எடுத்ததும் இதே தூத்துக்குடியில்தான். கழிவில் சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை பொங்கும், அகலமான பிளாஸ்டிக் வாளி வேண்டும். நுரை அடங்கியதும் செம்பு சேறாக அடியில் இறங்கிவிடும். வடிகட்டி உலர்த்திய சேறு என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது, மூடியில் ‘செம்பு – நஞ்சு’ என்று எழுதியிருக்கிறேன். நிறைந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் போகும்.